டிசம்பரில் அடித்த மருந்து

கார் கதவைத் திறந்ததுமே நோலீனுக்கு நெடி தெரிந்துவிட்டது.

வேறு யாருக்கும் அது ஒரு நெடியாகவே பட்டிருக்காது. கடற்காற்று, வெயில், பின்தெருவில் யாரோ சாஸேஜ் வாட்டுகிற புகை, இத்தனைக்கும் நடுவில் மெல்லிசாக, சர்க்கரையும் மண்ணெண்ணெயும் கலந்த மாதிரி. ஆனால் அதை அவள் முப்பது வருஷம் துவைத்திருக்கிறாள். புருஷன் டெஸ் கவுன்சில் பூங்காக்களில் களைக்கு மருந்தடிக்கிற வேலை பார்த்தவன். அவன் சட்டையைத் தனியாக ஊறப்போட்டு, தனியாகத் துவைத்து, தனியாகக் காயப்போடுவாள். அதுவும் கோழி ஃபேக்டரியில் நாள் முழுக்க நின்று எலும்பெடுத்துவிட்டு வந்த கையோடு. அவன் ஓய்வு பெற்று வருஷங்கள் ஆகியும் அந்த நெடி அவள் மூக்கைக் காலி பண்ணவில்லை.

பையைக் காரிலேயே விட்டுவிட்டு முன்பக்கப் புல்தரையில் மண்டி போட்டாள். முட்டி இரண்டும் கத்தின. கத்தட்டும்.

புல் என்னவோ பச்சையாகத்தான் நின்றது. க்ளோவர்தான் போயிருந்தது. மூன்று மூன்று இலையும் வெள்ளைப் பூவுமாகத் தரையோடு படர்கிற செடி. நாலு நாள் முந்தி, தங்கச்சி லோர்னாவின் கண் ஆபரேஷனுக்குக் கிளம்பும்போது தேனீ மொய்த்துக் கிடந்தது. இப்போது தண்டெல்லாம் பிழிந்த துணி மாதிரி முறுக்கிக்கொண்டு, பூவெல்லாம் மண்ணைப் பார்த்துக் கவிழ்ந்து கிடந்தது. வெயிலில் வாடுகிற செடி தொங்கும், முறுக்காது. மருந்து பட்டால்தான் இப்படி முறுக்கும்.

தேனீ ஒன்றுகூட இல்லை.

"வந்துட்டியா? டீ போடட்டா?"

வாசலில் டெஸ் நின்றான். கல்யாணமான நாளிலிருந்து அவன் தானாக டீ போட்ட சரித்திரம் கிடையாது.

"யாரு மருந்தடிச்சது?"

"என்ன மருந்து?"

"டெஸ்."

"எனக்கென்ன தெரியும்? பக்கத்து வீட்டுல கிளைவ் மருந்துப் பம்பை முதுகுல மாட்டிக்கிட்டு அங்கிட்டும் இங்கிட்டும் நடந்தான். அவன் பக்கம் அடிக்கிறானாக்கும்னு இருந்துட்டேன். உள்ளே கிரிக்கெட் ஓடிட்டிருந்துச்சு."

அவள் முறுக்கின தண்டு ஒன்றைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. அந்த ஊரில் அது நடுக்கோடை.

போன கிறிஸ்துமஸ் இதே இடத்தில்தான் நடந்தது. பின்பக்கம் முழுக்க காங்கிரீட். அங்கே டெஸ்ஸின் அலுமினியப் படகும் துணிக்கொடியும் தவிர ஒன்றுக்கும் இடமில்லை. அதனால் விசேஷம் என்றால் முன்பக்கம் மேசையைப் போடுவார்கள். மகள் ஷெல்லி தன் பையன் ஆர்லோவைப் புல்லில் கம்பளம் விரித்து உட்காரவைத்தாள். தவழ்கிற வயசு. கம்பளத்தில் நிற்பானா? புல்லில் இறங்கி, கையால் அளைந்து, அதே கையை வாயில் வைத்துச் சிரித்தான். இறாலை உரித்து முடிக்கவில்லை, பிள்ளையின் கழுத்தெல்லாம் தடித்தது. கண் வீங்கி மூடிக்கொண்டது. நெஞ்சு விசில் அடித்தது. ஆம்புலன்ஸ் வந்து கொண்டு போனது.

ஆஸ்பத்திரி நடையில் ஷெல்லி கேட்டாள். "அப்பா, புல்லுல ஏதாச்சும் அடிச்சியா?"

"முந்தாநாள் அடிச்சேன். நீங்க வரீங்களேன்னுதான், பார்க்க நல்லா இருக்கட்டும்னு. காஞ்சு போச்சேம்மா. காஞ்சா ஒண்ணும் இல்லைன்னு டப்பாவுலயே போட்டிருக்கான்."

மருந்தால்தான் என்று டாக்டர் அடித்துச் சொல்லவில்லை. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார். ஷெல்லிக்கு அந்த 'இருக்கலாம்' போதும். பையன் தேறி வீட்டுக்குப் போகிற அன்று தாயைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். "ஒரு வருஷம்மா. ஒரு சொட்டு அங்க விழக்கூடாது. அப்புறம் கொண்டு வரேன். உன்னை நம்பித்தான் சொல்றேன். அப்பாவை நம்பி இல்லை."

நோலீன் வாக்குக் கொடுத்தாள். டெஸ்ஸும் தலையாட்டினான். ஆட்டினதோடு நிற்காமல், தன் பெயரைச் சிவப்புப் பெயின்டில் எழுதிய பம்பை எல்லாரும் பார்க்கப் பக்கத்து வீட்டு கிளைவுக்குத் தூக்கிக் கொடுத்தான்.

அப்புறம் அந்த ஒரு வருஷம் இருக்கிறதே, அது புல் வளர்த்த கதை இல்லை, மல்லுக்கட்டின கதை. மூட்டை உரத்தை நிறுத்தியதும் புல், குடியை நிறுத்தினவன் மாதிரி நடுங்கிப் படுத்துவிட்டது. அங்கங்கே சொட்டை விழுந்தது. நோலீன் முள்கரண்டி மாதிரி பல் வைத்த கடப்பாரையால் தரை முழுக்கக் குத்தி ஓட்டை போட்டாள். மக்கிய உரத்தைச் சலித்துத் தூவினாள். கோழி எருவைப் போட்ட வாரம் தெருவே மூக்கைப் பிடித்துக்கொண்டு நடந்தது. வாரா வாரம் கடற்பாசிக் கரைசலைத் தண்ணீரில் கலந்து பூவாளியால் ஊற்றினாள். புல் வெட்டுகிற மோவரின் கத்தியை மேலே ஏற்றி வைத்து, வெட்டின புல்லை அப்படியே தரையில் விட்டாள். குளிர் மாசம் பூராவும் ஒரு சாக்கை மடித்து முட்டிக்குக் கீழே போட்டுக்கொண்டு பிண்டி முள்ளைப் பிடுங்கினாள். காலில் ஏறினால் பெரிய ஆளையே ஒற்றைக்காலில் குதிக்கவைக்கிற முள் அது. விதை பிடிக்கிறதுக்குள் வேரோடு எடுத்தால்தான் உண்டு. ஃபேக்டரியிலிருந்து கொண்டு வந்த எலும்பெடுக்கிற கத்தி அதற்கென்றே செய்த மாதிரி இருந்தது. க்ளோவரை அவள் போடவில்லை, தானாக வந்தது. மண்ணுக்குச் சத்து தரும் என்று விட்டுவைத்தாள். அக்டோபரில் மேக்பை என்கிற கறுப்பு வெள்ளைப் பறவை ஒன்று தன் குஞ்சைக் கூட்டிக்கொண்டு வந்து தரையைத் தட்டித் தட்டி மண்புழு பிடித்தது. அன்றைக்கு அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. பூச்சி பொட்டு இல்லாத இந்தத் தரையில் பறவை இறங்கி அவள் பார்த்ததே இல்லை.

டெஸ்ஸுக்கு அது வேறு மாதிரி வருஷம். புல்தரையில் பந்துருட்டுகிற பௌலிங் கிளப்பில் கூட்டாளிகள் விட்டுவைக்கவில்லை. "யோவ் டெஸ், உன் வீட்டு முன்னாடி ரெண்டு ஆடு கட்டிக்கிறேன், வாடகை எவ்வளவுய்யா?" "மருந்தடிச்சே பென்ஷன் வாங்கினவன் வீட்டுல களையெல்லாம் மாநாடு போட்டிருக்கு டோய்." அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான். வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டுத் தட்டோடு மட்டும் பேசுவான்.

கிளைவ் வீட்டுக்கும் இவர்கள் வீட்டுக்கும் நடுவில் வேலி கிடையாது. அந்தத் தெருவில் யாருக்குமே முன்பக்கம் வேலி இல்லை. அவனவன் மோவர் எங்கே திரும்புகிறதோ அதுதான் எல்லை. ஆள் ஊரில் இல்லையென்றால் பக்கத்து வீட்டுக்காரன் தன் புல்லோடு சேர்த்து இதையும் வெட்டிவிடுவான். திரும்பி வந்தவன் ஒரு பெட்டி பீரைக் கொண்டுபோய் அவன் வாசலில் வைப்பான். நன்றி என்று யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். பெட்டிதான் பேசும்.

நோலீன் அந்த இல்லாத எல்லையைத் தாண்டிக் கிளைவின் கராஜுக்குள் போனாள். எஃகு ஆலையில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவன் கிளைவ். மோவரைக் கவிழ்த்துப் போட்டுக் கத்திக்குச் சாணை பிடித்துக்கொண்டிருந்தான். அவன் தலைக்கு மேலே சுவரில் தொங்கியது பம்பு. சிவப்பு எழுத்தில் 'டெஸ்'.

"வா நோலீன். தங்கச்சிக்குக் கண்ணு தெரியுதா?"

"அவளுக்கு நல்லாத் தெரியுது. உனக்குத்தான் அவிஞ்சு போச்சு போல. உன் புல் எது, என் புல் எதுன்னே தெரியலை."

"அட, அதுவா!" கிளைவ் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். "முள்ளெல்லாம் கருகிரும் பாரு. பேரன் வரானாமே? வெறுங்காலோட ஓடட்டும்."

"உன்னை யாருய்யா கேட்டது?"

"கேட்டாத்தான் செய்யணுமா? எனக்கு இடுப்பு மாத்தினப்ப என் புல்லை யாரு வெட்டினா? நான் கேட்டேனா? நீயாத்தானே வந்து வெட்டினே?"

"வெட்டுறது வேற, விஷம் ஊத்துறது வேற."

"விஷமாம் விஷம். பூ விதைக்குப் பக்கத்துல வச்சு விக்கிறான், பச்சைப்பிள்ளை படம் போட்ட டப்பா. உன் புருஷன் ஆயுசு பூராவும் அதுலயே குளிச்சவன். செத்தா போனான்?"

"என் பேரன் செத்திருப்பான்."

கிளைவின் சிரிப்பு நின்றது. அவன் சாணைக்கல்லைக் கீழே வைத்தான்.

"சரி, சரி. நல்லதுக்குத்தான் பண்ணினேன், நோலீன். பிண்டி முள்ளு குத்தக்கூடாதுன்னு."

"டிசம்பர்ல எவனாச்சும் பிண்டிக்கு அடிப்பானா? முள்ளு எப்பவோ முத்தியாச்சு. இப்ப அடிச்சா செடிதான் சாகும், முள்ளு காஞ்சு ஊசியா நிக்கும். க்ளோவரைக் கொன்னே, தேனீயை விரட்டினே, முள்ளை மட்டும் பத்திரமா விட்டு வச்சிருக்கே."

"எனக்கென்ன தெரியும்? நான் இரும்பு தூக்கினவன். சொன்னதைச்..."

பாதியில் வாயை மூடிக்கொண்டான். அவன் கண் ஒரு நொடி எங்கேயோ போய்வந்தது. அவள் கண்ணும் பின்னாலேயே போனது. பழைய ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில், ஓரம்கூடக் கிழியாமல், ஒரு பெட்டி. கறுப்பு பீர். கிளப்பில் கேலி செய்வார்களே, மாட்டுக்கு மருந்து புகட்டுகிற மாதிரி இருக்கும் என்று, அது. அந்தத் தெருவில் அதைக் காசு கொடுத்து வாங்குகிறவன் ஒருத்தன்தான்.

"எப்ப அடிச்சே?"

"வெள்ளிக்கிழமை."

"பெட்டி எப்ப வந்துச்சு?"

கிளைவ் துணியை எடுத்துக் கையைத் துடைத்தான். கையில் துடைக்க ஒன்றுமில்லை.

"வாயைத் திற, கிளைவ்."

"வியாழக்கிழமை."

வேலைக்குப் பின்னால் வருகிற பெட்டிக்குப் பெயர் நன்றி. வேலைக்கு முன்னால் வந்தால் அதற்குப் பெயர் கூலி. அந்தத் தெருவில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நோலீன் திரும்பி நடந்தாள்.

டெஸ் நிஜமாகவே டீ போட்டு வைத்திருந்தான். பிஸ்கட் வேறு.

"பெட்டியைப் பார்த்தேன்," என்றாள்.

அவன் கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "நோல், பேரன் காலுல முள்ளு ஏறக்கூடாதேன்னுதான்..."

"பொய் சொல்லாதே. முப்பது வருஷம் அடிச்சவன் நீ. டிசம்பர்ல பிண்டிக்கு அடிக்கக்கூடாதுன்னு கிளைவுக்குத் தெரியாது. உனக்குமா தெரியாது?"

டெஸ் கோப்பையைத் தள்ளி வைத்தான்.

"நீ முள்ளுக்கு அடிக்கலை. பூவுக்கு அடிச்சே. கிளப்புல நாலு குடிகாரப் பய சிரிக்கிறான்னு அடிச்சே. அதையும் உன் கையால அடிக்கத் தைரியமில்லாம, நான் ஊர்ல இல்லாத நாளாப் பார்த்து, இன்னொருத்தன் முதுகுல ஏத்தி அனுப்பினே. ஷெல்லி கேட்டா, ஒரு சொட்டுக்கூட நான் அடிக்கலைன்னு சத்தியம் பண்ணலாம்ல? அதைச் சொல்லத்தானே இந்த ஏற்பாடு?"

"சிரிக்கிறானுகன்னு சொல்றது உனக்குச் சுலபம்!" டெஸ்ஸும் கத்தினான். "நான் செஞ்ச வேலை அது. ஊர்ல அத்தனை பூங்காவும் என் கை. என் வாசல் மட்டும் மாட்டுக்கொட்டாய் மாதிரி. நான் செஞ்சதெல்லாம் தப்புன்னு தினமும் வாசல்ல போர்டு மாட்டி வச்ச மாதிரி இருக்கு."

"அதுக்கு என் பேரன் கழுத்தா கிடைச்சது?"

அவன் குரல் இறங்கியது. "இப்ப என்ன குடி முழுகிப் போச்சு? இன்னும் ஒரு வாரம் இருக்கு. ஹோஸ் பிடிச்சு நல்லா ஊற அலசிடுவோம். க்ளோவரை மோவர் விட்டு வெட்டித் தள்ளிட்டா தடமே தெரியாது. ஷெல்லிக்கு யாரு சொல்லப்போறா?"

அவள் வெளியே வந்தாள். ஹோஸ் குழாயோடு சுருண்டு கிடந்தது. கையில் எடுத்தாள்.

எடுத்தாள் என்பதுதான் நிஜம். தண்ணீரையும் திறந்தாள். ஒரு வாரம். அலசி, வெட்டி, மேலே இரண்டு சட்டி மக்கு உரத்தைத் தூவினால் யாருக்கும் தெரியாது. ஆர்லோ இப்போது ஓடுகிறானாம், போனில் ஷெல்லி சொன்னாள், நடக்கவே மாட்டேன் என்கிறானாம், ஓட்டம்தானாம். இந்த வாசலிலிருந்து அந்த லெட்டர்பாக்ஸ் வரைக்கும் அவன் ஓடுவதை அவள் குளிர்காலம் பூராவும் மண்டி போட்டுக்கொண்டே பார்த்திருக்கிறாள். அந்த ஓட்டத்துக்கு முன்னால் ஒரு பொய் எம்மாத்திரம்?

தண்ணீர் பட்டதும் நெடி குப்பென்று கிளம்பியது. போன வருஷமும் காய்ந்துதான் இருந்தது. காய்ந்தால் ஒன்றுமில்லை என்றுதான் டெஸ் அப்போதும் சொன்னான். வீங்கி மூடின அந்தக் கண் அவள் முன்னால் வந்து நின்றது.

ஹோஸை விசிறி எறிந்துவிட்டு மண்வெட்டியை எடுத்து வந்தாள்.

முதல் வெட்டை எல்லையில் போட்டாள். கிளைவின் மோவர் திரும்புகிற இடத்தில், தெருவோரத்திலிருந்து வீட்டுச் சுவர் வரைக்கும் ஒரே நேர்கோடாக மண்ணைப் பிளந்தாள். அந்தத் தெருவில் இரண்டு வீட்டுக்கு நடுவில் விழுந்த முதல் கோடு அது. அப்புறம் புல்லை வேரோடு தகடு தகடாகச் சீவிப் புரட்டினாள். ஒரு வருஷம் ஊட்டி வளர்த்த புல். சொட்டையெல்லாம் மூடி, வேர் பிடித்து, மண்புழுவோடு வந்தது. ஒவ்வொரு தகட்டுக்கும் அவள் வாயில் ஒரு வசவு. பாதி டெஸ்ஸுக்கு, பாதி கிளைவுக்கு, ஒன்றிரண்டு தனக்கு.

சீவினதைத் தள்ளுவண்டியில் ஏற்றிப் பின்பக்கம் கொண்டுபோனாள். டெஸ்ஸின் அலுமினியப் படகுக்குள் கவிழ்த்தாள்.

"ஏய்! ஏய்! என்ன பண்றே? என் படகு!"

"குப்பைக்காரன் இதை எடுக்க மாட்டான். வேற எங்க போடச் சொல்றே? உன் கட்டில்லயா?"

தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. எதிர்வீட்டுக்காரி நாய்க்குச் சங்கிலி மாட்டிக்கொண்டு, போகாமலே நின்றாள். கிளைவ் தன் பக்கத்து ஓரத்தில் நின்று கையைப் பிசைந்தான்.

"நோலீன், கோட்டை ஒட்டி என் புல்லு வேரும் அறுபடுதும்மா."

"ஓரடி கிட்ட வா, வேற ஏதாச்சும் அறுபடும்."

சாயங்காலம் ஆகும்போது பாதித் தரை வெறும் மண்ணாகக் கிடந்தது. அவளுக்கு மணிக்கட்டு செத்துவிட்டது. ஃபேக்டரி கொடுத்த மணிக்கட்டு, எப்போதுமே அரை உயிர்தான். மண்வெட்டியை நட்டுவிட்டு உள்ளே போய்ப் போனை எடுத்து மகள் நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரை அமுக்கி, டெஸ்ஸின் முன்னால் மேசையில் வைத்தாள்.

"சொல்லு."

"நீயே..."

"வாக்குக் குடுத்தது நான். உடைச்சது நீ. சொல்லு."

போனுக்குள் பாத்திரத்தைக் கரண்டியால் அடிக்கிற சத்தம். ஆர்லோ. நடுவில் ஷெல்லி. "அம்மா? சொல்லும்மா. ஹாம் நான் வாங்கிட்டு வரட்டா, நீ வாங்கறியா?"

"ஷெல், அப்பா பேசறேன்," என்றான் டெஸ். தொண்டையைச் செருமினான். மறுபடியும் செருமினான். சொல்லி முடிக்க ரொம்ப நேரம் ஆனது. கிளைவைப் பற்றி ஆரம்பித்தான். நோலீன் மேசையைத் தட்டினாள். பெட்டியைப் பற்றியும் சொன்னான்.

பாத்திரச் சத்தம் மட்டும் கேட்டது.

"அம்மாகிட்ட குடுப்பா."

"இங்கதான் இருக்கேன்."

"நீ சொல்லாமயே விட்டிருக்கலாம்."

"விட்டிருக்கலாம்." நோலீனுக்குக் குரல் உடைந்தது. அதையும் கோபமாக மாற்றிக்கொண்டாள். "ஹோஸைக்கூட எடுத்துட்டேன்டி."

ஷெல்லி மூக்கை உறிஞ்சினாள். "அங்க வரலைம்மா. இந்த வருஷம் வேண்டாம். நீ இங்க வா. நீ மட்டும்."

"அப்ப நான்?" என்றான் டெஸ்.

நோலீன்தான் சொன்னாள். "உனக்கென்ன குறைச்சல்? கிளைவ் இருக்கான். கறுப்பு பீர் ஒரு பெட்டி, உடைக்காம அப்படியே இருக்கு."

கிறிஸ்துமஸுக்கு முந்தின காலை. ஹாம் இறைச்சியை ஐஸ் பெட்டியில் வைத்து, புட்டிங்கைத் துணியில் கட்டி, காரில் ஏற்றினாள். மீதித் தரையை டெஸ் சீவியிருந்தான். அவள் கேட்கவில்லை, அவனாகத்தான் செய்தான். முன்பக்கம் முழுக்க மண். பின்பக்கம் படகுக்குள் அவள் புல் பழுத்துக்கொண்டிருந்தது.

டெஸ் மண்வெட்டிமேல் சாய்ந்து நின்றான். பழைய பிண்டி முள் மண்ணில் உதிர்ந்து கிடந்து அவன் செருப்பின் அடியெல்லாம் குத்தியிருந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் கிளைவ், எதையோ கேட்க வந்து கேட்காமல் நின்றான்.

"எப்ப திரும்பி வருவே?" என்றான் டெஸ்.

நோலீன் காரில் ஏறி உட்கார்ந்து, டேஷ்போர்டுப் பெட்டியைத் திறந்து எலும்பெடுக்கிற கத்தியை எடுத்தாள். டெஸ் ஓரடி பின்னால் போனான். அவள் அதைப் பிடி முன்னால் வரத் திருப்பி ஜன்னல் வழியாக நீட்டினாள்.

"முள்ளு ஒண்ணு விடாம பொறுக்கு. நின்னுக்கிட்டுப் பண்ற வேலை இல்லை இது. மண்டி போடு."

அவன் கத்தியை வாங்கிக்கொண்டு நின்றான். அவள் வண்டியைக் கிளப்பவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் ஒரு கையைத் தரையில் ஊன்றி, ஒரு முட்டியை மடித்து, அப்புறம் இன்னொன்றை மடித்தான். முட்டிக்குக் கீழே சாக்கு இல்லை. முள் ஏறிய இடத்தில் முகத்தைச் சுளித்தான்.

"சாக்கு எங்க இருக்கு?"

"தேடு," என்று சொல்லிவிட்டு நோலீன் காரைப் பின்னால் எடுத்தாள்.